படிவத்தில் ஸ்டென்டை எழுதலாமா?

வாசகர் கேள்வி: பாலக்காடு மாவட்டத்தில், வேலந்தாவளத்தை ஒட்டிய சிற்றூரில் இருக்கிறோம். மகள் ஷார்ஜாவில் வாழ்கிறாள். மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம். ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் வேலை. மகளுக்கு இன்னும் மூன்று மாதத்தில் பிரசவம். நானும் என் கணவரும் விசிட் விசாவில் போய் இரண்டு மாதம் கூட இருக்க நினைக்கிறோம். எனக்கு 59 வயது, அவருக்கு 66. அவருக்கு நீண்ட காலமாகச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. சென்ற ஆண்டு கோவையில் இதயத்தில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். டிக்கெட் எடுத்துத் தரும் ஏஜெண்டு, "பயணக் காப்பீட்டுப் படிவத்தில் ஸ்டென்டை எழுத வேண்டாம், எழுதினால் பாலிசி தர மாட்டார்கள், தந்தாலும் பணம் இரட்டிப்பாகும்" என்கிறார். எங்களிடம் காருண்யா கார்டு இருக்கிறது, அது அங்கே செல்லுமா? பக்கத்து வீட்டுப் பையன் சவூதிக்குப் போகும்போது பிரவாசி பீமா எடுத்தான், அது எங்களுக்குக் கிடைக்குமா? ஏதாவது ஆகி மாப்பிள்ளை தலையில் கடன் விழுந்துவிடுமோ என்று இரவெல்லாம் தூக்கம் வரவில்லை.

அன்புள்ள அம்மா,

எழுதுங்கள். ஸ்டென்டை எழுதுங்கள், சர்க்கரையை எழுதுங்கள், பிரஷரை எழுதுங்கள், அவர் அன்றாடம் விழுங்கும் ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் எழுதுங்கள். ஒரு கம்பெனி பாலிசி தர மறுத்தால் இன்னொரு கம்பெனியைக் கேட்கலாம். நோயை மறைத்து வாங்கிய பாலிசியை நம்பி மட்டும் உங்கள் கணவரை விமானம் ஏற்றாதீர்கள்.

ஏஜெண்டு சொன்னதில் பாதி சரிதான். ஸ்டென்ட் என்று எழுதினால் சில கம்பெனிகள் தயங்கும், சில கூடுதல் பிரீமியம் கேட்கும், சில டாக்டர் சான்றிதழ் கேட்கும். எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பது மீதிப் பாதி. அதை அவர் உங்களுக்குச் சொல்லவில்லை.

ஷார்ஜாவில் ஒரு நள்ளிரவு உங்கள் கணவருக்கு நெஞ்சை அடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை 998ஐ அழைக்கிறார், ஆம்புலன்ஸ் வருகிறது. அவசரப் பிரிவு டாக்டர் கேட்கும் முதல் கேள்வியே, "முன்பு இதயச் சிகிச்சை ஏதாவது நடந்திருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" என்பதுதான். அந்த நேரத்தில் நீங்கள் பொய் சொல்ல மாட்டீர்கள், சொல்லவும் கூடாது. இரத்தம் உறையாமலிருக்க அவர் மாத்திரை எடுப்பது தெரியாமல் டாக்டர் ஊசி போட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே உண்மையைச் சொல்வீர்கள். டாக்டர் அதைக் கேஸ் ஷீட்டின் முதல் வரியில் எழுதுவார். மறுநாள் காலையில் அந்தத் தாள் காப்பீட்டுக் கம்பெனிக்குப் போகும். கம்பெனிக்காரர் ஒரு கையில் கேஸ் ஷீட்டையும் மறு கையில் உங்கள் படிவத்தையும் வைத்துக்கொண்டு ஒப்பிடுவார். உங்கள் கணவரின் உயிரைக் காக்க நீங்கள் சொன்ன அதே உண்மை, படிவத்தில் இல்லாத காரணத்தால், கிளெய்மைக் கொன்றுவிடும். பாலிசியே செல்லாது என்று சொல்லவும் அது கம்பெனிக்கு இடம் கொடுக்கும். அப்புறம் குளியலறையில் வழுக்கி விழுந்து கை ஒடிந்தால்கூட அந்தப் பாலிசியை நீட்ட முடியாது.

இதை வெறும் பயமுறுத்தலாக நினைத்துவிடாதீர்கள். 2009ஆம் ஆண்டில் வெளிநாட்டு மருத்துவக் காப்பீட்டோடு அமெரிக்காவுக்கு ஓர் உறவினர் திருமணத்துக்குப் போனார் ஒருவர். சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்திலேயே வியர்த்துச் சோர்ந்தார், மாரடைப்பு. மூன்று ஸ்டென்ட் வைத்தார்கள். கம்பெனி பணம் தர மறுத்தது. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டதை அவர் படிவத்தில் சொல்லவில்லை என்பது கம்பெனியின் வாதம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2021 டிசம்பரில் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. காரணம், அவர் தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதைப் படிவத்தில் எழுதியிருந்தார். அந்த மாத்திரை சர்க்கரை நோயாளிகளுக்கு முன்னெச்சரிக்கையாகத் தருவதுதான் என்று நீதிமன்றம் ஏற்றது. நோயைத் தெரிந்துகொண்டு, எடைபோட்டுப் பாலிசி கொடுத்த கம்பெனி, பிறகு அதே நோயைக் காட்டிக் கைவிரிக்க முடியாது என்றும் சொன்னது. அதே உச்ச நீதிமன்றம் 2009இல் வேறொரு மருத்துவக் காப்பீட்டு வழக்கில் கம்பெனி பக்கம் நின்றது. அந்த வழக்கில் சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் மறைக்கப்பட்டிருந்தன. இந்த இரண்டு தீர்ப்புகளையும் ஏஜெண்டிடம் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இப்போது பெரும்பாலும் ஏஜெண்டே தன் கைப்பேசியில் படிவத்தை நிரப்புகிறார். 'பயணிகள் யாருக்கும் எந்த நோயும் இல்லை' என்ற வரிக்கு எதிரே உள்ள சிறு கட்டத்தை அவரே தட்டிவிடுவார். உங்கள் போனுக்கு ஓடிபி வரும், "அதைச் சொல்லுங்கம்மா" என்பார். நீங்கள் சொன்ன அந்த எண்தான் உங்கள் கையெழுத்து. பின்னால் 'ஏஜெண்டு நிரப்பினார், எங்களுக்குத் தெரியாது' என்று சொல்லித் தப்புவது மிகக் கடினம். ஆகவே ஓடிபி சொல்வதற்கு முன் படிவம் முழுவதையும் திரையில் காட்டச் சொல்லுங்கள். நோய் பற்றிய ஒவ்வொரு கேள்விக்கும் ஆம் என்று இருக்கிறதா, இல்லை என்று இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஆங்கிலம் தடுமாறினால் மகளுக்குப் படம் எடுத்து அனுப்பிப் படிக்கச் சொல்லுங்கள்.

சரி, உண்மையை எழுதிவிட்டால் எல்லாம் கிடைத்துவிடுமா? கிடைக்காது. நம் நாட்டுப் பயணக் காப்பீடுகளில் பெரும்பாலானவை, முன்பே இருந்த நோய்க்கான சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. சில மட்டும், உயிருக்கு ஆபத்தான அவசரம் என்றால் காப்பீட்டுத் தொகையில் ஒரு பகுதி வரை தருகின்றன. இன்னும் சில, கூடுதல் பிரீமியத்துக்கு இதைச் சேர்த்துத் தருகின்றன. உங்கள் குடும்பத்துக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான்: முன்பே இருந்த நோயால் உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் எவ்வளவு வரை தருவீர்கள்? பாலிசியின் மேல்பக்கத்தில் பெரிய எழுத்தில் உள்ள தொகையைக் கேட்காதீர்கள், இந்த வரியில் உள்ள தொகையைக் கேளுங்கள். வாய்ப்பேச்சில் வேண்டாம், மின்னஞ்சலில் வாங்குங்கள்.

மொத்தத் தொகை குறைந்தது 50,000 டாலர் இருக்கட்டும். திர்ஹாம் டாலரோடு நிலையாகக் கட்டப்பட்ட பணம், ஒரு டாலருக்கு ஏறத்தாழ 3.67 திர்ஹாம். ஆகவே 50,000 டாலர் என்றால் 1,83,000 திர்ஹாமுக்குச் சற்று மேல். அறுபதைக் கடந்தவர்களுக்கு அறை வாடகைக்கு ஒரு வரம்பு, அறுவைச் சிகிச்சைக்கு ஒரு வரம்பு என்று உள்ளுக்குள் வெட்டிவைத்திருக்கும் பாலிசிகளும் உண்டு. உங்கள் கணவருக்கு அப்படி வெட்டில்லாத பாலிசிதான் வேண்டும், கொஞ்சம் விலை கூடினாலும். நாம் கையிலிருந்து கட்ட வேண்டிய முதல் தொகை ஒன்றும் இருக்கும், பல பாலிசிகளில் 100 டாலர். காய்ச்சல், வயிற்றுவலி போன்றவை அதற்குள்ளேயே முடிந்துவிடும். அவற்றுக்குக் காப்பீட்டை எதிர்பார்க்காமல் கையில் கொஞ்சம் பணம் வைத்துக்கொள்ளுங்கள்.

பாலிசியை இந்தியாவில் இருக்கும்போதே எடுத்தாக வேண்டும். ஷார்ஜாவில் இறங்கிய பிறகு இந்தியக் கம்பெனிகள் பெரும்பாலும் புதிதாகத் தராது. இரண்டு மாதத்துக்கு என்று கணக்குப் போட்டு அறுபது நாளுக்கு எடுக்காதீர்கள். பிரசவத் தேதி முன்பின் ஆகும், சிசேரியன் என்றால் மகள் இன்னும் கொஞ்ச நாள் இருக்கச் சொல்வாள். தொண்ணூறு நாளுக்கு எடுங்கள். நீட்டிக்க வேண்டி வந்தால் பாலிசி முடியும் முன்பே கேட்க வேண்டும். முடிந்த மறுநாள் கேட்டால் பயனில்லை. பயணப் பாலிசிக்கு, ஓராண்டுப் பாலிசிகளுக்கு உள்ளது போல வாங்கிப் படித்துவிட்டு முப்பது நாளுக்குள் திருப்பித் தரும் வசதியும் கிடையாது. படிப்பதை முன்னால் படித்துவிட வேண்டும்.

உங்களுக்கும் அவருக்கும் தனித்தனிப் பாலிசியாக எடுங்கள் என்பது என் எண்ணம். அவர் படிவம் டாக்டர் சான்றிதழுக்காகத் தாமதமானாலும் உங்கள் பயணம் நிற்காது. பிரசவத்துக்கு முதலில் வேண்டியவர் நீங்கள். தேவைப்பட்டால் நீங்கள் முன்னால் போங்கள், அவர் பிறகு வரட்டும்.

அவர் பறக்கலாமா என்பதை ஸ்டென்ட் வைத்த இதய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் மருத்துவமனைக் கடிதத் தாளில், ஆங்கிலத்தில், தேதி போட்டு ஒரு கடிதம் வாங்குங்கள். ஸ்டென்ட் வைத்த நாள், எந்த இரத்தக் குழாயில், கடைசி எக்கோ (இதய ஸ்கேன்) முடிவு, இப்போதைய மாத்திரைகள், பயணம் செய்யலாம் என்ற ஒரு வரி, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். மாத்திரைகளுக்கு மூலப்பெயரை எழுதச் சொல்லுங்கள். கோவையில் கடைக்காரர் தரும் அட்டையில் உள்ள வணிகப் பெயர் ஷார்ஜா மருந்துக்கடையில் யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் என்றால் எங்கும் தெரியும். அந்த இரண்டையும் டாக்டர் சொல்லாமல் ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது, அதனால் கைப்பையில்தான் இருக்க வேண்டும். அவர் இன்சுலின் போடுகிறவரானால் அதுவும் கைப்பையில். சரக்கறையில் போகும் பெட்டியில் உறைந்து கெட்டுவிடக்கூடும்.

மாத்திரைப் பெட்டியில் ஒரு முக்கியமான சோதனை பாக்கி இருக்கிறது. இங்கே சாதாரணமாக எழுதித் தரும் சில மருந்துகள் ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. முழங்கால் வலிக்குத் தரும் டிரமடால், சில இருமல் மருந்துகளில் உள்ள கோடீன், தூக்கத்துக்குத் தரும் அல்பிரசோலம், டயஸிபாம், சர்க்கரைக்காரர்களுக்குக் கால் எரிச்சலுக்குத் தரும் பிரிகாபலின். உங்கள் கணவருக்குக் கால் எரிச்சல் இருந்தால் கடைசி மருந்தை இப்போதே தேடிப் பாருங்கள். இவை வேண்டுமானால் புறப்படும் முன்பே அமீரகச் சுகாதார அமைச்சகத்தின் இணையதளம் வழியாக அனுமதி வாங்க வேண்டும். அதைவிட, மாற்று மருந்து தரச் சொல்லி டாக்டரிடம் கேட்பதே எளிது. மற்ற மாத்திரைகளைச் சீட்டோடு, அட்டையோடு, மூன்று மாதத்துக்கு மேற்படாமல் கொண்டு போங்கள்.

பிரசவத்துக்குப் போகிறீர்கள் என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். லேகியமும் மசாலாப் பொடியும் கட்டுவீர்கள். அதில் கசகசா ஒரு சிட்டிகைகூட இருக்கக் கூடாது. அமீரகத்தில் அது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும், விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள். குருமாப் பொடியை வீட்டில் அரைத்தால் கசகசா இல்லாமல் அரையுங்கள். கடையில் வாங்கினால் பொட்டலத்தில் உள்ள சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். லேகியத்தை டப்பாவில் அள்ளிப் போடாமல், பெயர் அச்சிட்ட மூடி உடைக்காத பாட்டிலாக, ரசீதோடு எடுத்துச் செல்லுங்கள்.

இனி கார்டுகள். காருண்ய ஆரோக்ய சுரக்ஷா திட்டம் ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 இலட்சம் ரூபாய் வரை தரும் நல்ல திட்டம், ஆனால் இந்திய எல்லைக்குள் மட்டும். ஷார்ஜாவில் செல்லாது. இங்கே மெடிக்ளெய்ம் பாலிசி ஏதாவது இருந்தால் அதிலும் 'இந்தியாவுக்குள்' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். பிரவாசி பாரதீய பீமா யோஜனா உங்களுக்கு இல்லை. குடியேற்ற அனுமதி தேவைப்படும் கடவுச்சீட்டோடு வளைகுடா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கானது அது. விபத்து மரணம், நிரந்தர ஊனம் ஆகியவற்றுக்கு 10 இலட்சம் ரூபாய். பிரீமியம் இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய். பக்கத்து வீட்டுப் பையனுக்கு அது மிகவும் வேண்டியது, விசிட் விசாக்காரர்களுக்கு அது பொருந்தாது.

விசாவோடு சேர்த்து ஏஜெண்டுகள் சில சமயம் ஒரு காப்பீட்டுத் தாள் தருவார்கள். அதைத் தூக்கி எறிய வேண்டாம், ஆனால் அதை மட்டும் நம்பவும் வேண்டாம். அதில் முன்பே இருந்த நோய் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.

நீங்கள் மகளின் காப்பீட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. எனக்கு அதுவும் கவலையாக இருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் ஷார்ஜா உள்ளிட்ட வட எமிரேட்டுகளிலும் தனியார் கம்பெனிகள் தொழிலாளிக்கு மருத்துவக் காப்பீடு எடுத்தாக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. அபுதாபியிலும் துபாயிலும் அது முன்பே இருந்தது. ஷார்ஜாவின் அடிப்படைத் திட்டம் ஆண்டுக்கு 320 திர்ஹாம். படுத்துச் சிகிச்சை எடுத்தால் 20 விழுக்காட்டை நோயாளி கட்ட வேண்டும், ஒரு தடவைக்கு 500 திர்ஹாம், ஆண்டுக்கு 1,000 திர்ஹாம் என்ற வரம்போடு. இதெல்லாம் மாப்பிள்ளைக்கு. மகளுக்குக் கம்பெனி தருகிறதா, மாப்பிள்ளை தன் பணத்தில் எடுத்திருக்கிறாரா, அதில் பிரசவம் சேருமா, எந்த மருத்துவமனையில், எவ்வளவு வரை என்று இன்றே போன் செய்து கேளுங்கள். மருத்துவமனையைத் தேர்வு செய்துவிட்டுப் பிறகு காப்பீட்டைப் பார்ப்பது தலைகீழ் வேலை. குழந்தைக்கும் உடனே வழி செய்ய வேண்டும். துபாயின் அடிப்படைத் திட்டத்தில் முதல் 30 நாள் குழந்தை தாயின் காப்பீட்டில் இருக்கும். உங்கள் மகளின் பாலிசியில் எத்தனை நாள் என்று கேட்டு எழுதி வையுங்கள். பிறந்த 120 நாளுக்குள் குழந்தைக்குக் குடியிருப்பு விசா எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் வழியாக இந்தியக் கடவுச்சீட்டு வேண்டும். சான்றொப்பம் பெற்ற திருமணச் சான்றிதழ் மாப்பிள்ளை கையில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லாவிட்டால் அதை இங்கிருந்து தயார் செய்து நீங்களே கொண்டு போகலாம்.

மகள் கடவுச்சீட்டில் இன்னும் பாலக்காட்டு முகவரி இருந்தால் அவள், வெளிநாட்டில் வாழும் கேரளத்தவருக்கான கேரள அரசு அமைப்பான நோர்க்காவின் பிரவாசி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அதை வைத்து, சேர்க்கை திறந்திருந்தால், 2025இல் தொடங்கிய நோர்க்கா கேர் காப்பீட்டிலும் சேரலாம். 5 இலட்சம் ரூபாய் மருத்துவமும் 10 இலட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் அதில் உண்டு. அது நாட்டுக்கு வரும்போது இங்கே சிகிச்சை பெற உதவும். மாப்பிள்ளையின் முகவரி பொள்ளாச்சி என்றால் அவருக்கான கதவு தமிழ்நாட்டின் அயலகத் தமிழர் நல வாரியம். எல்லையில் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் நம் குடும்பங்களில் ஒரே வீட்டுக்கு இரண்டு மாநிலத்து அட்டை இருப்பது இயல்புதான், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஏதாவது நேர்ந்தால் செய்ய வேண்டியது: முதலில் ஆம்புலன்ஸ், மருத்துவமனை. அதன் பிறகு, முடிந்தால் அன்றைக்கே, பாலிசியில் உள்ள உதவி எண்ணுக்கு மாப்பிள்ளை அழைக்க வேண்டும். தாமதமாகச் சொன்னால், மருத்துவமனைக்குக் கம்பெனி நேரடியாகப் பணம் கட்டும் வசதி கைவிட்டுப் போகலாம். அந்த எண்ணையும் பாலிசி எண்ணையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி மகள் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். போனில் மட்டும் வைத்திருக்காதீர்கள். ரசீதுகள், விவரமான பில், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் அசலாக வேண்டும். போர்டிங் பாஸையும் கிழித்துப் போடாதீர்கள்; எந்த நாளில் நாட்டைவிட்டுப் போனீர்கள் என்பதற்குக் கம்பெனி ஆதாரம் கேட்கும். பணத்தாலும் ஆளாலும் வழியில்லாமல் திணறும் நிலை வந்தால், துபாய் துணைத் தூதரகத்தின் பிரவாசி பாரதீய சகாயதா கேந்திரம் என்ற இந்தியர் உதவி மையத்தை அமீரகத்துக்குள்ளிருந்து 800 46342 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைக்கலாம்.

உண்மையை எழுதியும் கம்பெனி கிளெய்மை மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை, 50 இலட்சம் ரூபாய் வரை அவர் உத்தரவிட முடியும். உங்கள் வீட்டு முகவரிப்படி அந்த அலுவலகம் கொச்சியில். பாலிசி கொடுத்த கிளை கோவையில் இருந்தால் சென்னை அலுவலகத்துக்கும் போகலாம், சட்டம் இரண்டையும் அனுமதிக்கிறது.

நாளைக்கே இதய மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். கடிதம் கைக்கு வந்ததும் இரண்டு மூன்று கம்பெனிகளிடம் மேலே சொன்ன அந்த ஒரு வரியைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். படிவத்தை நிரப்பி, ஓடிபி சொல்வதற்கு முன்பாக, ஒரு நகலை எனக்கு அனுப்புங்கள். நோய்க் கட்டங்களை நானும் ஒருமுறை பார்த்துச் சொல்கிறேன்.